முகப்பில் வருது, இரண்டாங்கட்டில் வரலை: லேப்டாப்புக்கு வைஃபை கிடைக்காதபோது செய்ய வேண்டியவை

"தம்பி, போன்ல எல்லாம் ஓடுது. இந்தப் பெட்டியில மட்டும் நெட்டு வரமாட்டேங்குது" என்று பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டார். பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான், மறுநாள் காலை அவனுக்கு ஏதோ ஆன்லைன் தேர்வு. நானும் காரைக்குடியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய், டிரைவர், டிஎன்எஸ் என்று முக்கால் மணி நேரம் லேப்டாப்பைக் குடைந்துகொண்டிருந்தேன். அப்புறம்தான் ஆச்சியின் போனை வாங்கிப் பார்த்தேன். அது வைஃபையிலேயே இல்லை, சிம் கார்டு டேட்டாவில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு இணைப்புக்கு ரீசார்ஜ் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. லேப்டாப் பாவம்.

அன்றிலிருந்து எதையும் கழற்றுவதற்கு முன்னால் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளில் தெரு வாசலில் நின்றால் முகப்பு, முற்றமுள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசல் நிலைக்கு நேர் நிலையாகப் பின்வாசல் வரை ஒரே கோட்டில் தெரியும். இணையமும் அப்படி வாசல் வாசலாகத்தான் உள்ளே வருகிறது. தெருக் கம்பத்திலிருந்து ரூட்டர் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து லேப்டாப்பின் வைஃபை கார்டுக்கு, கார்டிலிருந்து விண்டோஸுக்கு. எந்த வாசலில் நின்றுபோனது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் கண்ட அமைப்பையும் மாற்றினால், இருந்த ஒரு கோளாறு மூன்றாகும்.

எங்கே நிற்கிறது?

முதலில் ஒரு போனை எடுத்து மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபை மட்டும் இருக்கட்டும். லேப்டாப் இருக்கும் அதே இடத்தில், அதே மேசையில் போனை வைத்து, இதுவரை திறக்காத ஒரு வலைத்தளத்தைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே பார்த்த பக்கம் என்றால் போனின் நினைவகத்திலிருந்தே வந்து உங்களை ஏமாற்றும்.

போனிலும் வரவில்லை என்றால் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு ரூட்டர் பெட்டிக்குப் போங்கள். போனில் வந்து லேப்டாப்பில் வரவில்லை என்றால், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கு நேர் எதிரே, பத்தடிக்குள் உட்காருங்கள். அங்கே வந்துவிட்டால் குற்றம் சுவருடையது. அந்தக் கதை கீழே தனியாக வருகிறது, செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் நேரே அங்கே போய்விடலாம். பக்கத்தில் உட்கார்ந்தும் வரவில்லை என்றால்தான் லேப்டாப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

பெட்டியின் விளக்குகள்

இப்போது பெரும்பாலான வீடுகளில் ஃபைபர் இணைப்புதான். மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை ஒயர் வந்து செருகும் பெட்டியில் நாலைந்து விளக்குகள் இருக்கும். அவற்றில் இரண்டைப் பார்த்தால் போதும். பிஓஎன் என்று எழுதிய விளக்கு அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் விளக்கு எரியவே கூடாது. அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ வெளியிலிருந்து வரும் ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். தெருவில் எங்காவது அறுந்திருக்கும், அல்லது வீட்டுக்குள் ஒயர் மடங்கியிருக்கும். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை. மின்சார ஒயரைப் போல ஆணியில் இறுக்கிச் சுற்றினால் ஒளி ஓடாது. மடங்கலை நீக்கிப் பார்த்தும் சிவப்பு போகவில்லை என்றால் இணைப்புக்காரரைக் கூப்பிடுவதைத் தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை. ஒயர் நுனியைக் கழற்றி ஊதித் துடைத்துப் பார்க்காதீர்கள். கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே அது கெடும். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

இரண்டும் சரியாக இருந்தும் எந்தக் கருவியிலும் எதுவும் திறக்கவில்லையா? ரீசார்ஜ் தேதியைப் பாருங்கள். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பள்ளத்தூர் போய் வந்தவன் எழுதித்தான் ஆக வேண்டும். பணம் கட்டாவிட்டாலும் வைஃபை பெயர் தெரியும், கடவுச்சொல் ஏற்கும், சிக்னல் முழுசாக நிற்கும். இணையம் மட்டும் இருக்காது. வைஃபை என்பது பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான பேச்சு, அவ்வளவுதான். பெட்டிக்கு அப்பால் உலகம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

அணைத்துப் போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது

பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி முப்பது விநாடி விட்டுப் போடுங்கள். போட்டபின் விளக்குகள் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதுவரை லேப்டாப்பில் கை வைக்காதீர்கள். கரண்ட் போய் வந்தவுடன் லேப்டாப்புக்கு நெட் வராமல் போவதற்கு இது ஒரு காரணம். பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் அவசரப்பட்டுக் கேட்கும், பாதித் தூக்கத்தில் இருக்கும் பெட்டி பதில் சொல்லாது. பெட்டிக்கென்றே விற்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதற்குப் பொருத்தமானதாக வாங்க வேண்டும்.

லேப்டாப்பை அணைக்கும்போது ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றொரு வசதி உண்டு. ஷட் டவுன் செய்யும்போது அது கணினியின் உள்நிலையை டிரைவர்களோடு (கருவிகளை இயக்கும் மென்பொருள்கள்) சேர்த்து வட்டில் எழுதிவைத்து, மறுபடி திறக்கும்போது அதையே எடுத்துக்கொள்ளும். குழம்பிய டிரைவர் குழம்பிய நிலையிலேயே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், பக்கத்தில் ரீசெட் என்று போட்டிருக்கும். அதைத் தொடாதீர்கள். சொந்தக்காரர் வீட்டில் ஊக்கு வைத்து அதை அமுக்கியவன் நான். வைஃபை பெயர், கடவுச்சொல்லோடு இணைப்புக்காரர் போட்டு வைத்திருந்த பயனர் கணக்கும் அழிந்து, ஆள் வந்து திரும்பப் போட்டுக் கொடுக்கும்வரை இரண்டு நாள் அந்த வீட்டில் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெயர் தெரிகிறது, சேர மாட்டேன் என்கிறது

இனி லேப்டாப். ஏரோப்ளேன் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஃப்என் பொத்தானோடு மேல் வரிசையில் கோபுரம் அல்லது விமானப் படம் போட்ட பொத்தானைத் தெரியாமல் அமுக்கியிருந்தால் வைஃபை அணைந்திருக்கும். பழைய லேப்டாப் சிலவற்றில் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ தள்ளும் சுவிட்சே இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முதலில் அதைத் தடவிப் பாருங்கள்.

கடவுச்சொல் தவறு என்று வந்தால் கட்டத்தின் ஓரத்திலுள்ள கண் படத்தை அழுத்தி, என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நம் ஆட்களுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. தமிழ்99 அல்லது வேறு தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும், புள்ளி புள்ளியாக விழுவதால் நமக்குத் தெரியாது. விண்டோஸ் பொத்தானோடு இடைவெளிப் பட்டையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லில் பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும், ஒன்றையும் எல் எழுத்தையும் குழப்பிக்கொள்ளாதவர் இல்லை. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கடவுச்சொல்லை யாராவது மாற்றியிருந்தால் லேப்டாப் பழையதையே பிடித்துக்கொண்டு தொங்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், அதில் வைஃபை, அதில் மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போனால் சேமித்த பெயர்கள் வரிசையாக இருக்கும். உங்கள் வீட்டுப் பெயருக்கு எதிரே ஃபர்கெட் கொடுத்துவிட்டு மறுபடி புதிதாகச் சேருங்கள். கடவுச்சொல் தொடர்பான பாதிப் பிரச்சினை இதிலேயே முடியும்.

பெயரே தெரியவில்லை

பக்கத்து வீட்டு வைஃபையெல்லாம் பட்டியலில் இருக்கிறது, நம்முடையது மட்டும் இல்லை. இதற்கு இரண்டு காரணங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, அலைவரிசை. ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் ஒலிபரப்பும். பழைய, விலை மலிவான லேப்டாப் பலவற்றின் கார்டுக்கு 2.4 மட்டும்தான் காது கேட்கும். 5 மட்டும் இயக்கத்தில் இருந்தால் அதற்கு உங்கள் வீடு இருட்டு.

இரண்டு, சேனல், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் சின்னப் பிரிவு. 2.4 அலைவரிசையில் இந்தியாவில் 13 சேனல் வரை உண்டு. அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். அங்கிருந்து மகனோ மருமகனோ வாங்கிக் கொடுத்த லேப்டாப் சிலவற்றுக்கு 12, 13 சேனலில் இருக்கும் ரூட்டர் கண்ணிலேயே படாது. வெளிநாட்டுச் சாமான் இல்லாத வீடு எங்கள் பக்கம் எங்கே இருக்கிறது, ஆகவே இதை நான் முதலிலேயே கேட்டுவிடுவேன். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து 1, 6, 11 இவற்றில் ஒன்றாகப் போடுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக நிற்பவை.

பெயர் தெரிந்தும் சேராததற்கு இன்னொரு காரணம், பாதுகாப்பு முறை. புதிய ரூட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் போட்டிருந்தால் பழைய கார்டு பெயரைக் காட்டினாலும் சேராது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றுங்கள். பழைய கருவிக்காக டபிள்யூஇபி முறைக்கு இறங்கிவிடாதீர்கள், அது திறந்து கிடக்கும் திண்ணை மாதிரி.

அமைப்புப் பக்கத்துக்குப் போக, போனிலோ கேபிள் செருகிய கணினியிலோ உலாவியின் முகவரிக் கட்டத்தில் 192.168.1.1 என்று அடியுங்கள். சில பெட்டிகளுக்கு 192.168.0.1 அல்லது வேறு எண். பெட்டிக்கு அடியில் எழுதியிருக்கும்.

சேர்ந்துவிட்டது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை

இதுதான் ஆளைக் குழப்பும் இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் லேப்டாப்பின் கடிகாரத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் ஆறு மாதம் அலமாரியில் கிடந்த லேப்டாப்பின் உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால், தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆயுள் தேதி உண்டு. உங்கள் கணினி வேறு ஆண்டில் வாழ்ந்துகொண்டிருந்தால் அந்தச் சான்றிதழை நம்பாது, பக்கமும் திறக்காது. தேதியைச் சரி செய்தால் போதும்.

அடுத்து, செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் விவரப் பக்கத்துக்குப் போய் ஐபிவி4 முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்புக்குக் கிடைத்த எண்ணைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் நல்லது. 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். வைஃபையை அணைத்துப் போடுங்கள். அப்படியும் அதே என்றால் அதே பக்கத்தில் ஐபி அசைன்மென்ட் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா பாருங்கள். அலுவலகத்திலோ கல்லூரி விடுதியிலோ யாராவது கையால் எண் போட்டிருப்பார்கள், அது நம் வீட்டில் செல்லாது.

முகவரி சரியாக இருந்தால், கமாண்ட் ப்ராம்ப்ட் (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) திறந்து ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ரூட்டரின் எண்ணான 192.168.1.1 போட்டு என்டர் தட்டுங்கள். பதில் வந்தால் லேப்டாப்பும் பெட்டியும் பேசுகின்றன. அடுத்து அதே போல 8.8.8.8 போடுங்கள், அது கூகுளின் எண். இதற்கும் பதில் வந்தால் இணையம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இவ்வளவும் ஆகி வலைத்தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் சிக்கல் டிஎன்எஸ்ஸில். பெயரை எண்ணாக மாற்றித் தரும் அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம். முன்பு பார்த்த அதே விவரப் பக்கத்தில் டிஎன்எஸ் அசைன்மென்ட்டை மேனுவலாக்கி, முதலாவதாக 8.8.8.8, இரண்டாவதாகக் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 போட்டுச் சேமியுங்கள்.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊருக்கு வந்து வளவில் உட்கார்ந்து மீட்டிங் பேசுபவர்கள் வேறொன்றையும் பார்க்க வேண்டும். அலுவலக நெட்வொர்க்கோடு சேர்த்துவிடும் விபிஎன் பாதியில் அறுந்தால் சில லேப்டாப் மொத்த இணையத்தையும் நிறுத்திவைக்கும். விபிஎன்னை முழுதாக வெட்டிவிட்டுப் பாருங்கள். செட்டிங்ஸில் ப்ராக்ஸி பகுதியில் கையால் போட்ட ப்ராக்ஸி (நடுவில் நின்று நெட்டை வாங்கித் தரும் கணினி) இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் இதற்கு மேல் தோண்டாதீர்கள். அது அவர்கள் சொத்து, அவர்கள் ஐடி ஆளிடமே விட்டுவிடுங்கள்.

வைஃபை பொத்தானே காணோம்

நேற்று வரை இருந்த வைஃபை குறி இன்று மாயமாகியிருக்கும். பதறாதீர்கள். லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பலகையில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து வைஃபை கார்டு புதிதாக எழும். மந்திரம் போலத் தெரியும், பலமுறை எனக்கு வேலை செய்திருக்கிறது.

செய்யவில்லையா? தொடக்கப் பொத்தானில் வலது சொடுக்குப் போட்டு டிவைஸ் மேனேஜர் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்தால் வயர்லெஸ் அல்லது வைஃபை என்ற பெயருடன் ஒன்று இருக்க வேண்டும். அதில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் கோளாறு. அப்டேட் ஆன மறுநாள் கெட்டது என்றால் அதன் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள். இல்லையென்றால் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து, டிரைவரை அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் குறி போடாமல், ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

புது டிரைவர் இறக்க வேண்டும், இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர யூஎஸ்பி ஒயரில் போனைச் செருகி, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். வைஃபை கார்டு இல்லாமலேயே லேப்டாப்புக்கு இணையம் கிடைக்கும். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், அடியில் உள்ள மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை எடுங்கள். டிரைவர் போட்டுத் தருகிறோம் என்று தேடலில் முந்தி நிற்கும் தளங்கள் பக்கம் போக வேண்டாம்.

சேர்ந்து, சற்று நேரம் கழித்து விட்டுவிட்டுப் போகிறது என்றால் அதே ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருக்கும். மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். கடைசி ஆயுதம் நெட்வொர்க் ரீசெட், செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் இருக்கும். சேமித்த எல்லாக் கடவுச்சொல்லும் போய்விடும், எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சுவரின் கதை

இனி எங்கள் ஊர்ப் பிரச்சினை. ஃபைபர் ஒயர் தெருவிலிருந்து வருகிறது, இணைப்புக்காரர் முகப்புக்குப் பக்கத்தில் கைக்கு எட்டின இடத்தில் பெட்டியை ஆணியடித்துவிட்டுப் போய்விடுகிறார். வீடோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. நடுவில் செங்கலும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடி, இரண்டடிச் சுவர்கள், இரும்பு உத்திரம், ஆளுயரக் கண்ணாடிகள். கண்ணாடியின் பின்பக்க உலோகப் பூச்சு ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சு என்று பெருமையாகச் சொல்கிறோம், வைஃபைக்கு அந்தப் பெருமை புரியாது.

அளந்து பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு முகப்பிலிருந்து பின்வாசல் வரை நடங்கள். மேக் வைத்திருப்பவர்கள் ஆப்ஷன் பொத்தானை அழுத்தியபடி வைஃபை குறியைச் சொடுக்கினாலே எண் தெரியும். சிக்னல் மைனஸ் கணக்கில் வரும். மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ பேச்சு நிம்மதியாக ஓடும். மைனஸ் 80 தாண்டினால் பெயர் தெரிந்தாலும் ஒழுங்காகச் சேராது. 50க்கும் 80க்கும் வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம், ஆனால் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நடந்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கதவுகள் திறந்திருக்கும்போது, நிலைகள் ஒரே கோட்டில் இருக்கும் அந்த நடுப்பாதையில் சிக்னல் அடுப்படி வரை கூடப் போய்விடும். பக்கவாட்டு அறைக்குள் இரண்டடி வைத்தால் செத்துப்போகும். ஆகவே பெட்டியை மூலையிலிருந்து எடுத்து அந்தக் கோட்டுக்கு நேரே, ஆள் உயரத்துக்கு மேல் வைத்துப் பாருங்கள். அதை விடச் சிறந்த இடம் வளவு. நடுவில் முற்றம் திறந்திருக்கிறது, சுற்றிலும் அறைகள், காற்றில் போகும் அலைக்கு அது மைதானம். ஃபைபர் ஒயரை வளவு வரை நீட்டித் தரச் சொல்லி இணைப்புக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். மழைச் சாரல் படாத உள்தாழ்வாரமாக இருக்கட்டும். இரும்பு அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ வைக்க வேண்டாம்.

சுவர் தாண்டிய அறையில் 5 கிகாஹெர்ட்ஸை நம்பாதீர்கள். வேகம் அதிகம், சுவரைத் துளைக்கும் திறன் குறைவு. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் வலுவில்லாத 5ஐயே பிடித்துக்கொண்டு தவிக்கும். தனித்தனிப் பெயர் வைத்து, உள் அறையில் 2.4ல் சேருங்கள். ஆனால் 2.4க்கும் ஒரு எதிரி உண்டு. லேப்டாப்பின் ஓரத்தில் செருகிய யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். டிஸ்கைக் கழற்றியதும் வைஃபை வந்தால் அதற்கு நீளமான ஒயர் வாங்குங்கள்.

இரண்டாங்கட்டில் உட்கார்ந்து தினமும் வேலை பார்க்க வேண்டும் என்றால் இதெல்லாம் ஒட்டு வேலை. ரிப்பீட்டர் வாங்குபவர்கள் செய்யும் தவறு, சிக்னல் வராத அறையிலேயே அதைச் செருகுவது. வராததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுக்கும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

என் கட்சி கேபிள்தான். கேட் 6 ஒயர் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், இரண்டு தெருவைத் தொடும் வீட்டுக்கும் போதும். முழுச் செம்பு ஒயர் என்று கேட்டு வாங்குங்கள், செம்பு பூசிய அலுமினியத்தை அதே பெயரில் தலையில் கட்டுவார்கள். சுவரில் துளை போடாதீர்கள். அந்தப் பழைய பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதே பளபளப்பில் ஒட்டுப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். நிலைக்கு மேலிருக்கும் காற்றுத் துளை வழியாக எடுத்து, எலி, அணில் கடிக்காதபடி பிளாஸ்டிக் பட்டைக்குள் விடுங்கள். ஓட்டுக்கு மேலே வெளிப்புறமாக இழுக்க வேண்டாம், ஐப்பசி இடியில் நீளச் செம்பு ஒயர் இரு முனைக் கருவியையும் பலி வாங்கும்.

ஒயரின் மறுமுனையில் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரே போதும். அதில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் (ஒயரில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் தரும் முறை) இருந்தால் அதைப் போட்டு முடித்துவிடுங்கள். இல்லையென்றால் அதன் அமைப்புப் பக்கத்தில் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணையுங்கள். மெயின் பெட்டி அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதபடி அதன் டிஹெச்சிபி வரம்பை 192.168.1.10லிருந்து தொடங்க வையுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மெயின் பெட்டியில் உள்ளதே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு. அது 1 என்றால் இது 6. ஒயரை இரண்டு பெட்டியிலும் வீட்டுக் கருவிகளுக்கான லேன் துளையில் செருகுங்கள். இரண்டாவது பெட்டியில் வெளி இணைப்புக்கான வான் (WAN) துளையில் செருகினால் அது தனிக்குடித்தனம் போய்விடும், முகப்பில் இருக்கும் பிரின்டரை இரண்டாங்கட்டு லேப்டாப் கண்டுகொள்ளாது.

வீடு நிறைந்தால்

முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் எல்லாம் வந்து சேர்ந்த அன்று மட்டும் உங்கள் லேப்டாப்பில் நெட் வராது. அறுபது பேர், அறுபது போன், சிலரிடம் இரண்டு. ரூட்டர் கொடுக்கக்கூடிய முகவரிகளுக்கும், ஒரே நேரத்தில் சேரக்கூடிய கருவிகளுக்கும் வரம்பு உண்டு. நிரம்பிவிட்டால் கடைசியில் வருபவருக்கு முன்பு சொன்ன 169.254தான். அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி வரம்பை 254 வரை விரித்து, லீஸ் நேரத்தை (ஒரு முகவரி ஒரு கருவியிடம் இருக்கும் காலம்) இரண்டு மணி நேரமாகக் குறைத்தால், புறப்பட்டுப் போனவர்களின் இடம் சீக்கிரம் காலியாகும். விருந்தாளிகளுக்கு கெஸ்ட் நெட்வொர்க் என்று தனிப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, விசேஷம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

இதற்கும் மசியவில்லையென்றால்

ரூட்டரைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் சிக்னல் வருகிறது, நாலு அடி நகர்ந்தால் போய்விடுகிறது, போனில் அதே இடத்தில் நன்றாக இருக்கிறது. இது கார்டிலிருந்து திரையின் ஓரத்துக்கு ஓடும் ஆன்டெனா ஒயர் கழன்றதன் அடையாளம். கீல் உடைந்த லேப்டாப்பிலும், எதற்காகவோ பிரித்து மூடிய லேப்டாப்பிலும் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் கடையில் ஆன்டெனா ஒயர் மாட்டியிருக்கிறதா பாருங்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் விண்டோஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரே வரவில்லை, பவர் பொத்தான் வைத்தியமும் பலிக்கவில்லை என்றால் கார்டு போய்விட்டிருக்கலாம். புதுக் கார்டு போடலாம், ஆனால் பழைய லேப்டாப்புக்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் போதும். இரண்டு அலைவரிசையும் பிடிப்பதாக, வெளியே தலை நீட்டும் ஆன்டெனா உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், நகம் அளவு டாங்கிள் எங்கள் சுவருக்குத் தாங்காது. பள்ளத்தூர் ஆச்சி வீட்டில் ரீசார்ஜ் செய்த பிறகு இரண்டாங்கட்டுக்கு ஆன்டெனா வைத்த டாங்கிளைத்தான் வாங்கிக் கொடுத்தேன். நிலைக்கு நேரே மேசையைத் திருப்பிப் போட்டு, கதவைச் சாத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.